காசால் கீறிப் பார்த்த நகல்

சென்ற வாரம் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என் நகல் கடைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் பழைய தினசரித் தாள், அதற்குள் மடித்து வைத்த இரண்டு நகல்கள். இரண்டும் ஒரே ஒப்பந்தத்தின் நகல்கள்தாம். பொதுக் கிணற்றில் எந்த நாள் யாருக்குத் தண்ணீர் முறை என்று உடன்பிறந்தார் மூன்று பேர் 1983-இல் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டது. பதிவு செய்யாத காகிதம். மூலத்தைக் கரையான் தின்றுவிட்டது.

"தாயி, இதில் எது தெளிவாக இருக்கிறதோ அதை வைத்து ஐந்து பிரதி போட்டுக் கொடு. பேரன் வக்கீலிடம் கொடுக்க வேண்டும் என்கிறான்" என்றார்.

முதல் நகல் 2009-இல் எடுத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் தாளை உருவியபோது சர்ரென்று ஒரு சத்தம். பாதி எழுத்துகள் தாளில் இல்லை, உறையின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பெரியவருக்கு முகம் வாடிவிட்டது.

இரண்டாவது தாளை விரித்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. வழக்கமான தாளைவிடக் கனம். வெள்ளை இல்லை, லேசான சாம்பல் ஓடிய வெள்ளை. தொட்டால் சுண்ணாம்பு பூசிய சுவரைத் தடவுவது போன்ற வழவழப்பு. எழுத்துகள் கன்னங்கரேல் என்று இல்லை, ஆனாலும் ஒரு புள்ளிகூட உதிரவில்லை. மேசை இழுப்பறையில் பழைய பெரிய ஒரு ரூபாய் நாணயம் ஒன்று வைத்திருக்கிறேன். பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, எழுத்தில்லாத ஓரத்தில் அதன் விளிம்பை மெல்ல இழுத்தேன். பென்சிலால் கோடு போட்டது போலச் சாம்பல் கோடு விழுந்தது.

"இது பூச்சுத் தாள், ஐயா. இதை எங்கே எடுத்தீர்கள்?"

"சிம்மக்கல்லில் ஒரு கடை. அப்போதெல்லாம் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும்" என்றார்.

நான் 1987-இல் வேலைக்குச் சேர்ந்ததும் சிம்மக்கல்லில்தான், அப்படி வாசனை அடித்த ஒரு கடையில்தான். அந்த ஒரு தாளுக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு, கற்பித்தல் வேலை கிடைக்கும் வரைக்கும் என்று சேர்ந்த இடம் அது. கடையில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று புதியது, பொடி டோனரில் ஓடுவது. நகலில் எழுத்தாகப் பதியும் கறுப்பு மைதான் டோனர். அதை முதலாளி மட்டுமே தொடுவார். மற்றது யாரோ அலுவலகத்தில் கழித்துப்போட்டதை வாங்கி வந்த பழைய இயந்திரம், திரவ டோனரில் ஓடுவது. அதை என்னிடம் விட்டுவிட்டார். காலையில் கடை திறந்ததும் என் முதல் வேலை தொட்டியைக் கலக்குவது. இரவெல்லாம் கரி அடியில் படிந்து, மேலே தெளிந்த எண்ணெய் நிற்கும். கலக்காமல் ஓட்டினால் முதல் பத்துத் தாளும் ஆவி போல மங்கலாக வரும். சின்னப் புட்டியில் கெட்டியான கறுப்பு மை, பெரிய டப்பாவில் நிறமில்லாத எண்ணெய். இரண்டையும் அளவாகச் சேர்க்க வேண்டும். மாலையில் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு மறுநாள் சோறு பிசையும்போதும் இருக்கும்.

தாள் வெளியே வரும்போது குளிர்ச்சியாக இருக்கும். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இன்று எந்தக் கடையில் நகல் எடுத்தாலும் தாள் சூடாகக் கைக்கு வருகிறது, ஓரம் சுருளுகிறது. அந்த இயந்திரத்தில் தாள் ஈரக் கைக்குட்டை போல வரும். இரண்டு ரப்பர் உருளைகள் மிச்ச எண்ணெயைப் பிழிந்துவிடும், ஒரு சின்ன விசிறி ஊதும், மேசையில் பரப்பினால் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். சூடு ஏற்றும் உறுப்பு எதுவுமே அதில் இல்லை. எழுத்து எப்படித் தாளைப் பிடித்துக்கொண்டது என்ற கேள்வி அன்றைக்கே எனக்குள் விழுந்தது.

பொடி டோனரின் கதை தொடக்கத்திலிருந்தே சூட்டோடு சேர்ந்தது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னையும் எடுத்த முதல் நகலைப் பாருங்கள். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் மின்னேற்றி, லைக்கோபோடியம் என்ற தாவர வித்துப் பொடியைத் தூவி, மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார்கள். பொடி தாளில் நிற்க மெழுகைச் சூடாக்கினார்கள். 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 சாதாரணத் தாளில் நகல் எடுத்து உலகத்தையே மாற்றியது. தாள் உள்ளே சிக்கிக்கொண்டால் கருகிவிடும் என்று அந்த இயந்திரத்தோடு ஒரு தீயணைப்பானையும் சேர்த்தே கொடுத்தார்கள். இன்றைக்கும் அடிப்படை அதுதான். பொடி என்பது உண்மையில் பிளாஸ்டிக். ஸ்டைரீன் அக்ரிலேட்டோ பாலியெஸ்டரோ கரியோடு சேர்த்து அரைத்தது. அதை 180 டிகிரிக்கு மேல் சுடும் உருளைக்கும் ரப்பர் உருளைக்கும் நடுவே நசுக்கி உருக்குகிறோம். நாங்கள் ஃபியூசர் என்று சொல்லும் பகுதி அது.

நகல் இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு அந்த ஃபியூசருக்கே போகிறது. எழுத்தை உருவாக்கும் மின்னேற்றத்துக்கு ஆகும் செலவு அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இதை எனக்குப் புத்தகம் கற்றுத்தரவில்லை, 2012 கற்றுத்தந்தது. அந்த ஆண்டு மதுரையில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடனை வாங்கி ஒரு இன்வெர்ட்டர் வைத்தேன். மின்சாரம் போனதும் இயந்திரம் விழித்துக்கொண்டே இருக்கும், திரையில் எழுத்து வரும், விளக்கு ஓடும். ஃபியூசர் சூடு கேட்கும் அந்த நொடியில் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிடும். வாசலில் கல்லூரிப் பிள்ளைகள் தேர்வு விண்ணப்பத்தோடு நிற்பார்கள். எழுத்து உள்ளே தாளில் விழுந்திருக்கும். கதவைத் திறந்து எடுத்தால் பொடியாக நிற்கும், விரல் பட்டால் அழிந்துபோகும். அப்படி அழிந்த தாள்களைக் குப்பைக் கூடையில் போடும்போதெல்லாம் சிம்மக்கல் இயந்திரத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். அதன் விசிறியை ஒரு சின்ன மின்கலமே ஓட்டிவிடும்.

அந்த இயந்திரத்தில் நடந்ததை இப்போது புரிந்த அளவில் சொல்கிறேன். தாளில் பூசியிருந்தது துத்தநாக ஆக்சைடு. வேர்க்குருவுக்குப் பூசும் காலமைனில் இருக்கிறதே, அதே வெண்பொடிதான், பிசினில் குழைத்துப் பூசியது. 1954-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் யங், கிரேக் என்ற இருவர் எலக்ட்ரோஃபாக்ஸ் என்ற பெயரில் இந்த முறையை வெளியிட்டார்கள். மற்ற இயந்திரங்களில் எழுத்து முதலில் டிரம் என்ற மின்னேற்றிய உருளையில் உருவாகி, பிறகு தாளுக்கு வரும். இதில் டிரம் கிடையாது, தாளே டிரம். இருட்டில் தாளின் மேல் எதிர் மின்னேற்றம் தூவினால் அது அங்கேயே நிற்கும். மூலத்தின் வெள்ளைப் பகுதியிலிருந்து வரும் வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் இறங்கிவிடும். எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்தோடு தாள் டோனர் தொட்டிக்குள் இறங்கும். அங்கே கரித்துகள்கள் நேர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. எதிரும் நேரும் இழுத்துக்கொள்ளும். தாள் மேலே வரும்போது எழுத்து இருக்கும்.

எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றினால் இது நடக்காது. தண்ணீர் மின்னேற்றத்தைக் கடத்திவிடும், எழுத்து தொட்டியிலேயே கரைந்துபோகும். மின்சாரம் கடத்தாத, மெல்ல ஆவியாகிற ஹைட்ரோகார்பன் எண்ணெய்தான் வேண்டும். ஐசோபார் வகை எண்ணெய்கள் அப்படிப்பட்டவை. பெரியவர் சொன்ன மண்ணெண்ணெய் வாசனையும் இந்தக் குடும்பத்து வாசனைதான். துகளுக்கு மின்னேற்றம் கொடுக்க அதில் சிட்டிகை அளவு உலோக சோப்பையோ லெசித்தினையோ சேர்ப்பார்கள். அந்தச் சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் படம் கெட்டுவிடும். ஆஸ்திரேலியாவின் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்த மெட்காஃப் 1955-இல் திரவத்தில் இப்படி எழுத்தை வெளிக்கொண்டுவரலாம் என்று கட்டுரை எழுதினார். சகாவான ரைட்டோடு சேர்ந்து அவர் மேலே கொண்டுபோன வேலையிலிருந்துதான் திரவ டோனர் என்ற இனமே கிளைத்தது. எனக்கு அவர் பெயர் கார்ல்சன் பெயருக்குச் சமமான பெயர்.

துகளின் அளவையும் சொல்ல வேண்டும். இன்றைய பொடி டோனரின் துகள் ஐந்து முதல் பத்து மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கும் கீழே அரைத்தால் காற்றில் பறந்து மூச்சில் ஏறும், இயந்திரத்துக்குள் எங்கும் படியும். எண்ணெய்க்குள் இருக்கும் துகள் பறக்க முடியாதே. ஒரு மைக்ரான், அதற்கும் கீழே என்று போகலாம். அதனால் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் நிற்கும். இன்றைய நகலில் எழுத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், சின்ன மேடு தட்டுப்படும். பெரியவர் கொண்டுவந்த தாளில் மேடு இல்லை. எழுத்து தாளின் மேல் உட்காரவில்லை, பூச்சுக்குள் இறங்கியிருந்தது.

சூடில்லாமல் எப்படிப் பிடித்தது என்பதற்கு ஒரு வழி மட்டும் இல்லை. பழைய முறை மிக எளிது. கரியோடு சேர்ந்த பிசின் எண்ணெயில் பாதி கரைந்து, ஊறி இருக்கும். எண்ணெய் தாளுக்குள் உறிஞ்சப்பட்டும் காற்றில் போயும் தீரும்போது பிசின் பின்தங்கிக் கரியைத் தாளோடு கட்டிவிடும். ஆளிவிதை எண்ணெய், ஆல்கைடு பிசின் போன்றவற்றைச் சேர்த்த டோனர்களும் உண்டு. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகும். கதவுக்கு அடித்த எனாமல் பெயிண்ட் காய்வது எப்படியோ அப்படி. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே மை அப்படித்தான் காய்கிறது, அது காயும் வரை தாளும் தாளும் ஒட்டாமலிருக்கத்தான் அடுக்கின் மேல் மாவு போன்ற பொடியைத் தூவுகிறார்கள்.

பின்னால் வந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு ஆர்கனோசால் என்று பெயர். ஒவ்வொரு துகளுக்கும் உள்ளே மென்மையான பாலிமர், அதாவது பிளாஸ்டிக் வகைப் பொருளின், உருண்டை, வெளியே எண்ணெயில் விரிந்து நிற்கும் மயிர் போன்ற சங்கிலிகள். எண்ணெய் இருக்கும் வரை அந்தச் சங்கிலிகள் ஒரு துகளை இன்னொன்றின் மேல் சாயவிடாது. எண்ணெய் போனதும் உருண்டைகள் நெருங்கி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, சேர்ந்து ஒரே படலமாகிவிடும். பொங்கலுக்குச் சுவரில் எமல்ஷன் பெயிண்ட் அடிக்கிறோமே, அங்கேயும் இதுதான் நடக்கிறது, எண்ணெய்க்குப் பதில் தண்ணீர், அவ்வளவே. யாரும் சுவரைச் சுடுவதில்லை. காய்ந்தபின் ஈரத் துணியால் துடைத்தாலும் போவதில்லை.

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. எந்த பாலிமருக்கும் ஒரு வெப்பநிலை இருக்கிறது, அதற்குக் கீழே கண்ணாடி போல விறைத்திருக்கும், மேலே போனால் இளகும். பொடி டோனருக்கு அது ஏறத்தாழ 55 முதல் 65 டிகிரி. அதனால்தான் அலமாரியில் கட்டிபடாமல் இருக்கிறது, ஃபியூசரில் உருகுகிறது. சூடில்லாமல் பிடிக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் உருண்டை அறை வெப்பத்திலேயே இளகியதாக இருக்க வேண்டும். அப்படி இளகியது காய்ந்த பிறகும் கொஞ்சம் பிசுபிசுக்கும். இரண்டு தாளை எழுத்தும் எழுத்தும் சேர வைத்து மேலே கனத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் விறைப்பாகச் செய்தால் ஒட்டாது, ஆனால் தாளிலும் பிடிக்காது, மடித்த இடத்தில் உடையும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கமான பாதையில்தான் இத்தனை ஆண்டுகளாக வேதியியலாளர்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

மதுரையில் இருந்துகொண்டு யோசித்தால் அந்தப் பாதை இன்னும் ஒடுக்கம். குளிரூட்டிய ஆய்வகத்தில் 23 டிகிரியில் ஒட்டாத தாள், கத்திரி வெயிலில் 40 டிகிரி ஏறும் கடையில் ஒட்டும். கார்த்திகை மழையில் வேறு தொல்லை. ஈரக் காற்றில் பூச்சுத் தாள் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்காது. சிம்மக்கல்லில் மழை நாளில் தாள் கட்டை அரிசிப் பானையின் மேல் வைத்துக் காயவைத்திருக்கிறேன், அதுவும் வெளிச்சம் படாமல் கறுப்புத் துணி சுற்றி. இந்த ஊருக்கான டோனரை இந்த ஊரின் மே மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் வைத்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

ஒட்டுவது என்றதும் பொடி டோனரைக் குற்றமில்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். பெரியவரின் 2009 நகல் அதற்குச் சாட்சி. அவர் வைத்திருந்தது பி.வி.சி. உறை. பி.வி.சி.யை வளையச் செய்யச் சேர்க்கும் எண்ணெய்ப் பசையான வேதிப்பொருள் மெல்ல வெளியேறி டோனரை இளக்கிவிடும், எழுத்து தாளை விட்டு உறைக்குப் போய்விடும். இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். ஒரே தாளின் இரண்டு நகல்கள், ஒன்று பி.வி.சி. உறையில், மற்றது பாலிபுரொப்பிலீன் உறையில். இரண்டின் மேலும் அம்மிக்கல்லை வைத்து மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கோடையில் இரண்டு வாரம் விட்டேன். முதல் உறையில் தலைகீழ் எழுத்துகள் அச்சடித்தது போல ஒட்டியிருந்தன. இரண்டாவது உறை சுத்தமாக இருந்தது. அன்றிலிருந்து பத்திரம் நகல் எடுக்க வருபவர்களிடம் நான் பி.வி.சி. உறை விற்பதில்லை.

திரவ டோனர் ஏன் கடைகளை விட்டுப் போயிற்று என்றும் சொல்ல வேண்டும், அது நியாயம். பூச்சுத் தாள் கனம், விலை, அதில் பேனாவால் எழுதவும் சுகமில்லை. சாதாரணத் தாளில் வேலை செய்த திரவ இயந்திரங்கள் எழுபதுகளில் வந்து நன்றாக விற்றன, ஆனாலும் ஈரம், வாசனை, கொட்டினால் கறை என்ற தொல்லைகள் தொடர்ந்தன. மூடிய அறையில் அந்த ஆவியை நாளெல்லாம் சுவாசித்தால் தலை வலிக்கும், எனக்கு வலித்திருக்கிறது. எண்ணெய் ஆவியைப் பிடித்துத் திரும்பத் தொட்டிக்கே அனுப்பும் ஏற்பாடு இல்லாமல் இதைக் கடைக்குள் கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் அது செத்துப்போகவில்லை. 1993-இல் பென்னி லாண்டா என்பவரின் இண்டிகோ நிறுவனம் திரவ டோனரிலேயே வண்ண அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 2002-இல் ஹெச்.பி. அதை வாங்கிக்கொண்டது. இன்று நம் ஊர்க் கல்யாண ஆல்பங்கள் பல அந்த இயந்திரத்தில் அச்சாகின்றன. அதை ஓடும்போது பார்க்க வேண்டும் என்று ஒரு அச்சகத்தில் அனுமதி கேட்டு அரை நாள் நின்றேன். அங்கே தாளைச் சுடுவதில்லை. இடையிலுள்ள ரப்பர் போர்வையைச் சுமார் நூறு டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். எண்ணெய் அங்கேயே போய், மை படலமாகிவிடுகிறது. சூடான படலம் குளிர்ந்த தாளைத் தொட்டதும் உறைந்து முழுசாக அதற்குத் தாவிவிடுகிறது. கையில் வாங்கிய தாளில் எண்ணெய் இல்லை, ஈரம் இல்லை. அழகான வேலை. ஆனாலும் சூடு இருக்கிறது, தாளிலிருந்து போர்வைக்கு இடம் மாறியிருக்கிறது. எனக்கு வேண்டியது அது இல்லை. சூரியத் தகட்டிலும் ஒரு மின்கலத்திலும் ஓடக்கூடிய, நாலு பேர் நிற்கும் கிராமத்துக் கடையில் வைக்கக்கூடிய ஒன்று. அந்த அளவு வேதியியல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று நம்புகிறேன்.

பெரியவருக்குப் பூச்சுத் தாளை வைத்தே ஐந்து பிரதி எடுத்தேன். கண்ணாடியில் வைக்கும் முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமை சூரிய உதயம் முதல்" என்ற வரியில் வெள்ளியின் புள்ளிகூட இருந்தது. அந்தப் புள்ளியை வைத்தவர் அவருடைய மூத்த அண்ணன், இப்போது இல்லை என்றார். பிரதிகள் சூடாக வந்தன, ஆறும் வரை விசிறியடியில் வைத்து, பழுப்புக் காகித உறையில் போட்டுக் கொடுத்தேன். பழைய தாளைப் பிளாஸ்டிக்கில் வைக்காதீர்கள், இரும்புப் பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள், காசு கீசு மேலே உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லிக்கொண்டு போனார்.

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டியில், பத்திரக் கட்டில், அப்பாவின் அலுவலகக் கோப்பில் இப்படிக் கனமான, சாம்பல் ஓடிய நகல்கள் இருக்கலாம். அதைவிட எனக்கு ஆசை, பயன்படுத்தாத பூச்சுத் தாள் ஒரு கட்டு எங்காவது கிடைக்காதா என்பது. பழைய அலுவலகக் கிடங்கைக் காலி செய்பவர்கள், பழைய காகிதக் கடைக்காரர்கள் யாரேனும் பார்த்தால் கட்டைப் பிரிக்காமல் தல்லாகுளத்தில் இருக்கும் என் கடைக்குக் கொண்டுவாருங்கள். முப்பது நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அது மின்னேற்றம் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.